ஊசி போட்ட முதுகு

பீங்கான் பட்டறையில் முப்பது வருஷம் குந்தியபடியே அச்சிலிருந்து பொம்மை எடுத்தவள் நான். வேலையை விட்ட பிறகுதான் இடுப்பு வலி பிடித்துக்கொண்டது. காலையில் தானாக எழுந்திருக்க முடியாது. என் வீட்டுக்காரர்தான் தூக்கி உட்கார வைப்பார். அவருக்கே முட்டி தேய்ந்து போயிருக்கிறது. தூக்கும்போது அவர் பல்லைக் கடிப்பது எனக்குத் தெரியும். நானாக எழுந்து உட்கார்ந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று இருந்தது.

கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நரம்பை மரக்கவைக்கிற ஊசி போட்டார்கள். அன்றைக்கே வலி போய்விட்டது. அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். பட்டறையில் அச்சிலிருந்து எடுத்த பச்சைப் பொம்மையைக் காயும்வரை யாரும் தொடமாட்டோம். அசைத்தால் விரிசல் விடும். முதுகும் அப்படித்தானே, மருந்து உள்ளே இறுகட்டும் என்று மூன்று வாரம் அசையாமல் கிடந்தேன். கொல்லைக்குப் போக மட்டும் எழுந்திருப்பேன். நாலாவது வாரம் வலி திரும்பிவிட்டது.

டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. வீட்டுக்காரர் போட்டு உடைத்துவிட்டார். "இவ தன்னையே பொம்ம மாரி காயப் போட்டுட்டா சார்!"

டாக்டர் சிரித்துவிட்டு ஸ்கேன் படத்தைக் காட்டினார். "முதுகுத்தண்டுக்கு ரெண்டு பக்கமும் சதை கறுப்பா இருக்கணும்மா. உங்களுக்கு வெள்ளை வெள்ளையா இருக்குது பாருங்க, கொழுப்பு. ஊசி வலியத்தான் மரக்கவைக்கும். முதுகைத் தாங்குறது சதைதான். அது நல்லா இருக்கறவங்களுக்கு ஊசி ரொம்ப நாளு கேக்கும். படுத்தே இருந்தா இன்னும் மெலிஞ்சு போயிடும்."

குப்புறப் படுத்து ஒவ்வொரு காலாகத் தூக்கச் சொன்னார். தலையை ஆட்டிவிட்டு வந்தேனே தவிர, செய்யவில்லை. இந்த வயசில் புடவையோடு அப்படிப் படுத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

ஒருநாள் வீட்டுக்காரர் கதவைச் சாத்திவிட்டு, என் பக்கத்தில் பாயை விரித்துக் குப்புறப் படுத்தார்.

"எந்தக் காலுடி மொதல்ல?"

"ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க? முட்டி வலிக்கும்."

"நீ தூக்குற வரைக்கும் நான் எறக்க மாட்டேன்."

அவர் கால் நடுங்கியது. சிரித்துக்கொண்டே நானும் தூக்கினேன்.

"தவள மாரி இருக்கீங்க."

"நீ மட்டும் என்னா, மயிலா?"

ஆறு மாசம் விடாமல் செய்தோம். பிறகு இரண்டாவது ஊசி போட்டார்கள். "பாப்போம்மா" என்று மட்டும்தான் டாக்டர் சொன்னார். வலி குறைந்தது. ஆனாலும் மறுபடி வந்துவிடுமோ என்ற பயத்தில் வீட்டுக்காரரே தூக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.

நாலாவது வாரம் வந்தது. ஒரு விடியற்காலை ஒருக்களித்துக் கையை ஊன்றிப் பார்த்தேன். கொஞ்சம் பிடித்தது, ஆனால் உட்கார்ந்துவிட்டேன். அவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். டீ போட்டு எடுத்துப்போய் எழுப்பினேன்.

பதறி எழுந்து, "ஏன்டி கூப்புடல?" என்று கோபித்தார்.

"நீங்க தூங்குறீங்களேன்னுதான்."

டீயை வாங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்துவிட்டேன்.