மலை ஏற மாத்துன கூலண்ட்

எங்க வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருஷம் வாடகைக் கார் ஓட்டினவரு. தெருவுல எல்லாரும் 'டிரைவர்'னுதான் கூப்பிடுவாங்க. போன வருஷம் பார்வை மங்கிப்போய், இனிமே ஸ்டியரிங்கைத் தொடவே கூடாதுன்னு கண் டாக்டர் கறாரா சொல்லிட்டாரு. வீட்டுல நிக்கிற பழைய காரை யாரு ஓட்டுறது? நான்தான். ஐம்பத்திரெண்டு வயசுல, தையல் மெஷினைத் தவிர வேற எதையும் மிதிக்காத காலை வச்சுக்கிட்டு, டிரைவிங் ஸ்கூல் போயி லைசென்ஸ் வாங்கினேன். சும்மா சொல்லக்கூடாது, நல்லாவே ஓட்டுறேன். ஆனா மனுஷன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பாராட்டணுமே!

மலைக்கு அந்தப் பக்கம் எங்க மக புது வீட்டுக்குக் குடிபோயிருக்கா. போய்ப் பாக்கணும். "பஸ்ல போயிரலாம்"னாரு இவரு. ஏன்னு கேட்டா, "இன்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலண்ட் ரொம்பப் பழசு. மலை ஏறும்போது இன்ஜின் கொதிச்சிரும்"னாரு. இன்ஜினாவது கொதிக்கிறதாவது! பயந்தது இவருதான். அந்த வளைவுல எல்லாம் நான் ஓட்டி, இவரு பக்கத்துல சும்மா உக்காந்து வரணுமே. எனக்கு நிஜமாவே மனசு கஷ்டமா இருந்துச்சு. இவரே என்னை நம்பலைன்னா அந்த லைசென்ஸ் எதுக்கு?

"பழசுன்னா மாத்துங்க. கை நல்லாத்தானே இருக்கு"ன்னேன்.

ரோஷம் வந்துருச்சு. சனிக்கிழமை காலையில, இன்ஜின் ஜில்லுன்னு இருக்கும்போதே சாக்கை விரிச்சு வண்டிக்கு அடியில படுத்துட்டாரு. கண்ணு வேணாம் அவருக்கு, விரலாலயே தடவி ரேடியேட்டர் அடியில இருக்கிற திருகைக் கண்டுபிடிச்சுக் கழட்டினாரு. பேசின்ல கொடகொடன்னு கொட்டுச்சு.

"என்ன கலரு?"

"ஆறிப்போன டீ மாதிரி இருக்கு."

"துரு. அதை மூடி வை. இனிப்பா இருக்கும்னு பூனை நக்கிச்சுன்னா செத்துரும்."

நான் அதைப் பழைய கேன்ல ஊத்தினேன். அளந்துதான் ஊத்தினேன். அஞ்சு லிட்டர். எதையும் அளக்காம இருக்க என்னால முடியாது, தையல் தொழில் அப்படி.

சுத்தத் தண்ணி விட்டு அலசி, அதையும் வடிச்சிட்டு, திருகை இறுக்கி, புது கூலண்டை ஊத்த ஆரம்பிச்சாரு. புனல் பக்கத்துல காதை வச்சுக்கிட்டு, சத்தம் மாறினதும் "நிறைஞ்சிருச்சு"ன்னாரு.

"எங்க நிறைஞ்சுது? அஞ்சு வெளிய வந்துச்சு, மூணரைதான் உள்ள போயிருக்கு."

"இருபத்தெட்டு வருஷமா காதால கேட்டே ஊத்துறவன் நான். ஜாக்கெட் துணியா இது, அளந்து பாக்க?"

"துணியோ தண்ணியோ, ஒன்றரை குறையுதுல்ல?"

காதுலயே வாங்கல. மூடியைத் திருகிட்டு, "ஸ்டார்ட் பண்ணு"ன்னாரு. பண்ணினேன். கொஞ்ச நேரத்துல சூடு காட்டுற முள்ளு நடுவைத் தாண்டி விறுவிறுன்னு மேல ஏறுது. ஹீட்டரைப் போட்டா பச்சைத்தண்ணி மாதிரி காத்து வருது. விஷயத்தைச் சொன்னேன். "ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு!"ன்னு கத்தினாரு.

அப்புறம் பானட்டைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. "உள்ள காத்து அடைச்சிருக்கு. ஹீட்டரைத் திறந்து வைக்காமலே ஊத்திட்டேன்."

திட்டலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. மூஞ்சியைப் பாத்தேன், முழுங்கிட்டேன்.

சூட்டோட மூடியைத் திறந்தா மூஞ்சி வெந்துரும்னு மத்தியானம் வரைக்கும் ஆறவிட்டோம். பிறகு மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுசா வச்சு, மறுபடி ஸ்டார்ட் பண்ணினோம். "எனக்குச் சரியாத் தெரியல. நீ பாத்துச் சொல்லு"ன்னாரு. இத்தனை வருஷத்துல வண்டி விஷயமா இவரு என்கிட்ட எதையும் கேட்டதே இல்ல! குபுகுபுன்னு காத்துக் குமிழி வந்துச்சு, மட்டம் இறங்குச்சு. நான் 'ம்'னு சொல்லச் சொல்ல அவரு ஊத்தினாரு. ஒன்றரை லிட்டரும் உள்ள போச்சு. ஹீட்டர்ல சூடா காத்து வந்துச்சு, முள்ளு நடுவுல போய் உக்காந்துச்சு.

"நீ அளந்தது நல்லதாப் போச்சு. இல்லைன்னா மலையில நடுரோட்டுல நின்னிருப்போம்"னாரு. எனக்குத் தலைகால் புரியல.

மறுநாள் கிளம்பினோம். முதல் நாலஞ்சு வளைவு வரைக்கும் என் கால் ஒரு பிரேக்கை மிதிக்குது, அவரு கால் இல்லாத பிரேக்கை மிதிக்குது. "அங்க ஒண்ணும் இல்லைங்க, வெறும் மிதியடிதான்"னு சிடுசிடுத்தேன். கொஞ்ச நேரத்துல பேச்சே இல்ல. சரிதான், கோச்சுக்கிட்டாருன்னு திரும்பிப் பாத்தேன். கண்ணாடியில தலையைச் சாச்சு, வாயைப் பிளந்துக்கிட்டு, நல்ல தூக்கம். பஸ்ல போனாக்கூட முன்சீட்டைப் புடிச்சு உக்காந்து, டிரைவருக்கு முன்னாடி ரோட்டைப் பாக்கிற மனுஷன்!

முன்னால ஒரு லாரி ஆடி அசைஞ்சு போய்க்கிட்டிருந்துச்சு. முந்துறதுக்கு ரெண்டு இடத்துல நல்ல வழி கிடைச்சுது. முந்தணும்னா ஹாரன் அடிக்கணும். உச்சி வரைக்கும் அந்த லாரி பின்னாலேயே போனேன்.