சிறுவர் பக்கத்தில் ஓடிய ஹான் ஆறு

ஒருவனுக்குச் சோற்றுப்பானை, அடுத்தவனுக்கு வேலி, மூன்றாமவனுக்கு வாசல். மூவருக்கும் அது ஒன்றே. அது என்ன? யோசித்துக்கொண்டே கேளுங்கள். சிறுவர் பக்கத்தைக் குழந்தைகள் தவிர மற்ற எல்லாரும் திருத்த வருவார்கள் என்பது, என்னைப் போல் இந்தப் பத்திரிகைத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியாததல்ல.

விடை, ஆறு. கொரியாவில் ஓடும் ஹான் ஆறு. ஜப்பான் கொரியாவை விழுங்கிய வருஷம், சிங்கப்பூரில் நான் வேலை பார்த்த தமிழ் வாரப் பத்திரிகையில் அந்த ஆற்றின் பழங்கதையை எழுதத் தொடங்கினேன். பெக்சே நாடு அந்தக் கரை நெல்லில் வளர்ந்தது. வடக்கிலிருந்து கோகுரியோ நாடு வந்து ஆற்றைப் பிடுங்கித் தன் தெற்கு வேலியாக்கிக்கொண்டது. பிறகு பெக்சேயும் கிழக்கிலிருந்த சில்லாவும் கூட்டுச் சேர்ந்து மீட்டன. மேலாறு சில்லாவுக்கு, கீழாறு பெக்சேவுக்கு. இரண்டே வருஷத்தில் சில்லா கீழாற்றையும் பறித்துக்கொண்டது; கடல் வழியாகச் சீனாவுக்குப் போக அதற்கு வாசல் கிடைத்தது. நியாயம் கேட்டுப் படை நடத்திய பெக்சே அரசர் கொல்லப்பட்டார். இதில் நானாகக் கூட்டியது எதுவுமில்லை.

பாண்டியன் படையெடுப்பு

இரண்டாம் வாரப் பத்திரிகையைப் பிரித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. பாண்டியன் குதிரைப் படையோடு வந்து ஹான் ஆற்றைப் பிடித்திருந்தான். கோகுரியோ என்று நான் எழுதிய இடமெல்லாம் பாண்டியன்.

அச்சுக் கோக்கும் மாரிமுத்துவிடம் ஓடினேன். கோ, யோ இரண்டுக்கும் வேண்டிய இரட்டைக் கொம்பு எழுத்துகள், பெக்சேவுக்கே சரியாகப்போய், பெட்டியில் தீர்ந்துபோய்விட்டனவாம். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்றேன். அவர் கோப்பதை நிறுத்தாமல் சொன்னார்: "மூணு ராஜான்னா நம்ம மூணு ராஜாதானேங்க. பாண்டியனுக்குக் கொம்பே வேணாம் பாருங்க."

வரைபடம் பார்க்காதவர்

மூன்றாம் வாரம், 'அடுத்த இதழில் சில்லாவின் துரோகம்' என்று போட்டோம். மறுநாளே காதர் சாகிபு வந்துவிட்டார். எங்கள் கடைசிப் பக்கம் முழுக்க அவருடைய விளம்பரம்தான். சிங்கப்பூர் ஆற்றில் சரக்கு ஏற்றி இறக்கும் தொங்கான் படகுகள் அவருக்கு ஓடின. கரையிலிருந்த சரக்குக் கிட்டங்கியைப் பக்கத்து வீட்டுக்காரரோடு கூட்டாக நடத்தியவர், போன வருஷம் முழுவதையும் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். இரண்டு வீட்டுக்கும் இடையில் பிள்ளைகள் ஓடித் திரிந்த நடுக்கதவை ஆணியடித்து மூடினார்கள். எழுதும்போது அவர் நினைவே எனக்கு வரவில்லை என்றால் யாரும் நம்பவில்லை.

கொரியாவின் வரைபடத்தை விரித்தேன். இது ஆயிரம் வருஷத்துக்கும் மேற்பட்ட கதை என்றேன். அவர் உட்காரவும் இல்லை, குனிந்து பார்க்கவும் இல்லை. "கொரியா எங்க இருந்தா எனக்கென்ன வாத்தியாரே? ஆறு, கூட்டாளி, துரோகம். நேத்திலேர்ந்து கிட்டங்கியில எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாக்குறான்."

நரியும் ராஜாவும்

அவர் போனதும் முதலாளி என்னை அழைத்தார். பெக்சே அரசர் அன்பினால் கீழாற்றைச் சில்லாவுக்குப் பரிசாகக் கொடுத்தார் என்று முடித்துவிடச் சொன்னார். அடித்துப் பிடுங்கியதைப் பரிசு என்று குழந்தைகளுக்குச் சொல்லித்தர என் கை வராது என்றேன். இன்றைக்குக் கொரியாவைப் பிடுங்கியவர்களும் அதையேதான் சொல்கிறார்கள் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. முதலாளி உயர்த்தவில்லை. "நரி பேசுச்சுன்னு வாரா வாரம் எழுதுறீங்க. ராஜா குடுத்தார்னு எழுத மட்டும் கை வராதோ?"

இரண்டு தாள்கள்

கோபத்தில், ஒரு குழந்தையே தீர்ப்புச் சொல்லட்டும் என்று சொல்லிவிட்டேன். சேதி போனதும் காதர் சாகிபு சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். சிறுவர் பக்கத்தை விடாமல் படிக்கும் தம் மகள் ஆமினாவையே அழைத்துவந்தார். அவளுக்கு ஒன்பது வயது. இரண்டு முடிவுகளையும் அச்செடுத்து மேசைமேல் வைத்தேன். அவள் எடுக்கும் தாளே பத்திரிகையில் வரும் என்று பேச்சு. இது நடந்தது, இது நடக்காதது என்று ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினேன். என் சிறுவர் பக்கத்தைப் படித்து வளர்ந்த பிள்ளை, எனக்குச் சந்தேகமே இல்லை.

விரல் வைத்து இரண்டையும் இரண்டு தடவை படித்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் தகப்பனாரிடம் சொன்னாள்: "இதுல ராஜாங்க ரெண்டு பேரும் இன்னும் பேசிக்கிறாங்க வாப்பா." காதர் சாகிபுவின் சிரிப்பு நின்றுபோயிற்று.

குழந்தைகளுக்கு உண்மையைத் தவிர வேறெதுவும் பிடிக்காது என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். ஆமினா பொய்த் தாளை எடுத்துக்கொண்டாள்.