மஞ்சள் துணி கட்டிய ஏழாவது வீடு

அந்த ஏழாவது வீட்டுக்குள் நான் போகவில்லை. போய்ப் பார்த்தேன் என்று சொன்னேன். அது பொய்.

இதைச் சொல்லப் பதினோரு வருடங்கள் ஆகியிருக்கின்றன. உங்களை எனக்குத் தெரியாது, என்னை உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது... தெரிந்தவர்களிடம் சொல்லும் துணிச்சல் எனக்கு இன்றுவரை வரவில்லை.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவுக்குப் பொறுப்பாளன். சொந்த ஊர் குன்னத்தூர்ப் பக்கம். தைத்து வருகிற பனியன்களில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவது என் வேலை. அதோடு இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. பகுதி நேர ராணுவத்தில் சிப்பாய். பத்து மாதம் அவரவர் பிழைப்பு. இரண்டு மாதம் கோவை முகாமில் பயிற்சி. எங்காவது வெள்ளம், புயல் என்று உத்தரவு வந்தால், கையில் இருக்கிற பனியனைப் போட்டுவிட்டுச் சீருடையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும்.

என்ன நாட்கள் அவை! விடியற்காலை ஓட்டம் முடிந்து, பீங்கான் பூசிய தகரக் குவளையில் தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்போம். லாரி ஓட்டுநர், பள்ளிக்கூட வாத்தியார், மளிகைக் கடைக்காரர், பனியன் கம்பெனிக்காரன் எல்லாரும் ஒரே வரிசையில் நின்று தட்டைக் கழுவுவோம். இந்தியில் கட்டளை வந்தால் பாதிப் பேர் இடப்புறமும் மீதிப் பேர் வலப்புறமும் திரும்புவோம். சிரித்ததற்காகவே எத்தனை முறை மைதானத்தைச் சுற்றியிருக்கிறேன் என்று கணக்கில்லை.

முகாமுக்கு விடுப்புக் கேட்டுப் போனால் முதலாளி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார்.

"ஏனப்பா, ரெண்டு மாசம் போயிட்டீன்னா ஷிப்மென்ட்ட ஆரு பாக்கறது?"

"நாட்டுக்குப் போறனுங்க மொதலாளி."

"நாடு வந்து பீஸ் செக் பண்ணிக் குடுக்குமா?" என்பார். ஆனால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். நான் சீருடையில் கம்பெனி வாசலைக் கடந்தால் செக்கிங் மேசைப் பெண்கள் எழுந்து நின்று விறைப்பாகச் சல்யூட் அடித்துக் கேலி செய்வார்கள். வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் எனக்குக் குளிர்ந்துபோகும்.

என்னைப் படையில் சேர்த்துவிட்டவர் பால்ராஜ் அண்ணன். தென்மாவட்டத்திலிருந்து பிழைக்க வந்து, எங்கள் கம்பெனியிலேயே தையல் மிஷின் ஓட்டியவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார். படையில் எங்கள் ஆறு பேர் குழுவுக்கு அவர்தான் தலைவர். உடன்பிறந்தவன் எனக்கு இல்லை; அவர் இருந்தார். அவர் சொல்லுக்கு நான் கட்டுப்பட்டேன், என் சொல்லை அவர் நம்பினார். இதில் இரண்டாவதுதான் இப்போது என்னைக் கொல்கிறது...

அந்த வருடம் தெற்கே ஆறு உடைத்துக்கொண்டது. உத்தரவு வந்த அன்று கம்பெனியே திருவிழாப் போல இருந்தது. பெண்கள் ஏற்றுமதியில் மிஞ்சிய பனியன்களை மூட்டை கட்டினார்கள். வீடுகளுக்கு அடையாளம் கட்டத் துணி வேண்டும் என்று பால்ராஜ் அண்ணன் கேட்டார். நானே வெட்டு மேசைக்கடியில் கிடந்த மஞ்சள் காலர்த் துணியைக் கை நீளத்துக்கு நறுக்கி ஒரு சாக்கு நிறையக் கொடுத்தேன். பளிச்சென்ற மஞ்சள். தூரத்திலிருந்தே தெரியும் என்று அவர் என் முதுகில் தட்டினார்.

அந்தத் துணிக்கு ஒரே அர்த்தம்தான். ஒரு வீட்டுக்குள் போக வேண்டும், ஒவ்வோர் அறையும், பரணும் பார்க்க வேண்டும். ஆள் இல்லை என்றால் ஜன்னல் கம்பியில் மஞ்சளைக் கட்டிவிட்டு வர வேண்டும். பின்னால் வருகிற படகுகள் மஞ்சளைப் பார்த்தால் நிற்காது. வேறு வீட்டுக்குப் போய்விடும்.

மூன்றாம் நாள் மதியம். ஒரு குறுகிய சந்து, ஒன்பது வீடுகள். படகு உள்ளே திரும்பாது. இழுப்பு அதிகமாக இருந்ததால் பால்ராஜ் அண்ணனும் மற்றவர்களும் சந்து முனையில் மின்கம்பத்தோடு படகைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். இடுப்பில் கயிற்றோடு நான் மட்டும் இறங்கினேன். மார்பளவுத் தண்ணீர்.

முதல் நான்கு வீடுகளுக்குள் ஒழுங்காகப் போனேன். பரணில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. மஞ்சளைக் கட்டினேன்.

இங்கே உங்களுக்கு எங்கள் தொழிலின் ஒரு கள்ளப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஷிப்மென்ட் நெருக்குகிற நாளில் ஒரு கட்டுப் பனியனில் எல்லாவற்றையும் விரித்துப் பார்க்க மாட்டோம். மேலே இருக்கிற நாலைந்தைப் பார்ப்போம். அவை சுத்தமாக இருந்தால் முழுக் கட்டுக்கும் 'பாஸ்' சீட்டைச் செருகிவிடுவோம். இருபது வருடமாக என் கை பழகிய பழக்கம் அது. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அப்படியே ஒரு பனியன் திரும்பி வந்தாலும் வேறொன்றைக் கொடுத்துவிடலாம்...

நான்கு வீடு காலி. மீதி ஐந்தும் காலியாகத்தான் இருக்கும் என்று என் கை முடிவு செய்துவிட்டது. வாசலில் நின்று, "உள்ள ஆராச்சும் இருக்கீங்களா?" என்று குரல் கொடுத்தேன். பதில் இல்லை. கட்டினேன். அடுத்ததற்கு நகர்ந்தேன்.

களைப்பு என்று சொல்லலாம். பயம் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மையில்லை. சந்துக்கு அப்பால் ஒரு மொட்டை மாடியில் முப்பது பேர் நின்று எங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் அப்படி ஒரு மாடியிலிருந்து கைக்குழந்தையை இறக்கியபோது ஊரே கை தட்டியது. அந்தச் சத்தம் என் காதில் இருந்தது. ஆளில்லாத வீட்டைத் தேடுகிறவனுக்கு யார் கை தட்டுவார்கள்? எனக்கு அந்த மாடிக்குப் போக வேண்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம்... எவ்வளவு அற்பமான காரணம்!

படகுக்குத் திரும்பினேன்.

"ஒம்பது வீட்டுக்குள்ளயும் போய்ப் பாத்தியாடே?" என்று பால்ராஜ் அண்ணன் கேட்டார்.

"பாத்தாச்சுங்ணா."

அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். மாடிக்குப் போனோம். முப்பது பேரையும் இறக்கினோம். கை தட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தது. ஏழாவது வீட்டின் பரணில் ஒருவர் இறந்து கிடக்கிறார் என்று செய்தி வந்தது. மர அறுவை மில்லில் வேலை பார்த்துக் காது அநேகமாகப் போய்விட்ட மனிதர். மகள் தன் புருஷனுடைய ஊருக்குப் போயிருந்ததால் தனியாக இருந்திருக்கிறார். இடையில் இரண்டு படகுகள் அந்தச் சந்து முனை வரை வந்து, மஞ்சளைப் பார்த்துத் திரும்பியிருந்தன. நான் வாசலில் கொடுத்த குரல் அவருக்குக் கேட்டிருக்காது. பரணுக்கு ஜன்னலும் இல்லை.

உடலை இறக்கும் வேலை எங்கள் குழுவுக்கே வந்தது. பரணில் ஏறியவன் நான். தலைமாட்டில் ஒரு துணிப்பை இருந்தது. இரண்டு வேட்டி, ஒரு சட்டை, ரேஷன் கார்டு, தீர்ந்துபோன மாத்திரை அட்டை... ஊருக்குக் கிளம்புகிறவர் மாதிரி பையின் காதுகளை முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்.

கீழே நின்ற அதிகாரி பையைப் பார்த்தார். "இவர் ஏற்கெனவே வெளியேறியவர். சாமானுக்காகத் திரும்பி வந்து மாட்டிக்கொண்டிருக்கிறார்" என்றார். அப்படித் திரும்பியவர்கள் சிலர் இருக்கத்தான் செய்தார்கள். ஆனாலும் பால்ராஜ் அண்ணனைப் பார்த்து, வீடு தேடப்பட்டதா என்று கேட்டார்.

பால்ராஜ் அண்ணன் விறைப்பாக நின்றார். "என் ஆளு உள்ள போய்ப் பாத்திருக்கான் சார். அவன் பாத்தேன்னா பாத்ததுதான். அதுக்கு நான் பொறுப்பு."

என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை. நான் அப்போதே வாயைத் திறந்திருக்கலாம்... திறந்திருக்க வேண்டும்.

ஏனென்றால், அந்த மனிதர் திரும்பி வரவில்லை என்பது அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது. துணி பார்த்துப் பிழைக்கிறவன் நான். அவர் இடுப்பில் இருந்த வேட்டியில் கஞ்சி மொடமொடப்பு அப்படியே இருந்தது. மடிப்புக் கலையவில்லை. சேற்றுக் கோடு இல்லை. பையும் அப்படித்தான். மார்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தவரின் வேட்டி அப்படி இருக்காது. தண்ணீர் ஏறுவதற்கு முன்பே அவர் பரணுக்குப் போய்விட்டார். நான் வாசலில் நின்றபோது அவர் என் தலைக்கு மேலே இருந்தார். உயிரோடு இருந்தார்.

நான் போர்வையை எடுத்து அவரைக் கழுத்து வரை போர்த்தினேன். வேட்டியை யாரும் பார்க்கவில்லை. "தேடல் முடிந்தபின் வீடு திரும்பியவர்" என்று அறிக்கையில் எழுதினார்கள். பிழை அவருடையது ஆயிற்று.

இதோடு முடிந்திருந்தால் ஒருவேளை நான் மறந்திருப்பேனோ என்னவோ. பால்ராஜ் அண்ணன் மனசு கேட்கவில்லை. வெள்ளத்தில் வீடும் போய், பிறகு புருஷனும் விட்டுப்போன, இறந்தவரின் மகள் பேச்சியம்மாளை, ஒரு வருடம் கழித்துத் திருப்பூருக்கு அழைத்து வந்துவிட்டார். எங்கள் கம்பெனியில்தான் வேலை. எந்தப் பிரிவு என்று கேட்காதீர்கள்... ஆமாம், என் மேசைதான். பத்து வருடமாக எனக்கு எதிரே நின்று பனியன் பார்க்கிறாள். என்னைச் சார் என்கிறாள். அவள் அப்பாவைத் தேடிப் போன படையில் இருந்தவன் என்பதால் என்மேல் தனி மரியாதை அவளுக்கு.

வந்த புதிதில் ஒருநாள் தேநீர் இடைவேளையில் சொன்னாள்: "ஊருக்குக் கெளம்பும்போதே அப்பா காதுக்கிட்ட போயிச் சத்தமாச் சொல்லிட்டுத்தான் சார் போனேன். தண்ணி ஏறுச்சுன்னா ஆளுக வருவாக, கூடப் போயிருங்கன்னு. சரி தாயி, வந்தா போயிருதேன்னுதான் சொன்னாக. போயிட்டு எதுக்கு சார் திரும்பி வந்தாக? ரெண்டு வேட்டி அம்புட்டு பெருசாப் போச்சா?"

நான் தேநீரைக் குடித்து முடித்தேன்.

பையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தவர் அவர். மகள் சொல்லை அப்படியே கேட்டவர். ஆள் வரும் என்று நம்பி உட்கார்ந்திருந்தார். ஆளும் வந்தான்... வாசல்வரை வந்தான். ஆனால் அவள் பத்து வருடமாக அவரை வைதுகொண்டே இருந்தாள். 'சொன்ன பேச்சைக் கேக்காத மனுசன்' என்பாள். அப்பாவுக்குத் திதி கொடுக்கவில்லை. அவர் பேச்சு வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஓர் அப்பனிடமிருந்து நான் உயிரை மட்டுமா எடுத்தேன்?

பால்ராஜ் அண்ணன் இப்போது ஓய்வு பெற்றுச் சொந்த ஊரில் இருக்கிறார். வாரம் ஒரு முறை போனில் கூப்பிடுவார். "அந்தக் காலம் மாதிரி வருமாடே?" என்பார். குவளைத் தேநீர், மைதானம், படகு என்று மணிக்கணக்கில் பேசுவோம். உண்மையாகவே எனக்குக் கண் கலங்கும். என் வாழ்வின் நல்ல நாட்கள் எல்லாம் அந்தச் சீருடைக்குள்தான் இருக்கின்றன. அவற்றை நினைக்காமல் என்னால் இருக்க முடியாது. நினைத்தால் அந்தப் பரணில் போய்த்தான் நிற்கிறேன். அண்ணனிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறேன். அவருக்கு அறுபது ஆகப்போகிறது. 'அதுக்கு நான் பொறுப்பு' என்று அவர் சொன்ன வார்த்தையை இனிப் போய் எப்படிப் பொய்யாக்குவது? இப்படித்தான் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொள்கிறேன். அவருக்காகப் பயப்படுகிறேனா, எனக்காகவா? உங்களுக்கே விடை தெரியும்.

போன ஆடி அமாவாசைக்கு மறுநாள் பேச்சியம்மாள் நெற்றி நிறைய திருநீறோடு வேலைக்கு வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததில்லை. என் மேசைக்கு வந்து ஒரு பொட்டலத்தில் பிரசாதம் வைத்தாள்.

"மவனக் கூட்டிக்கிட்டுப் பவானிக்குப் போயி அப்பாவுக்குத் தர்ப்பணம் பண்ணிட்டு வந்தேன் சார். எத்தன வருசந்தான் அவுக மேல கோவமா இருக்கது? ஏதோ புத்தி கெட்டுத் திரும்பி வந்துட்டாக. போகட்டும்னு மன்னிச்சு விட்டுட்டேன்."

நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். இரண்டடி தூரத்தில் நின்றாள். என் உதடு அசைந்தது. சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தேன்...

"நல்லதுங்கம்மா" என்றேன்.