நிறைந்தே நின்ற முள்

ஓடாத லொறி, திருத்துகிறவனுக்குப் பெரிய தொல்லை தருவதில்லை. ஓடிக்கொண்டே பொய் சொல்லும் லொறிதான் அவனைக் கெடுக்கும். பெற்றோல் காட்டும் முள்ளை நம்பிப் போய், ஆளில்லாத தெருவில் இறங்கி நின்றவர்கள் உங்களிலும் பலர் இருப்பீர்கள். இந்த முள்ளைத் திருத்தியவன் என் கையில் அகப்படட்டும் என்று அப்போது நினைத்திருப்பீர்கள். அந்தத் திருத்தியவர்களில் நானும் ஒருவன். இரண்டாம் உலக யுத்த காலத்தில், பெற்றோல் கூப்பனுக்கு மட்டும் கிடைத்த நாட்களில், மட்டக்களப்பு வாவிக்கரையில் கிடுகு வேய்ந்த ஒரு கராஜ் வைத்திருந்தேன். என்னை எல்லோரும் பாஸ் என்று கூப்பிடுவார்கள்.

ஊறிப்போன தக்கை

முஸ்லிம்களில் மூத்தவரை எங்கள் பக்கம் காக்கா என்போம்; ஏறாவூர் ஆதம்பாவா காக்காவிடம் ஒரு பழைய சின்ன லொறி இருந்தது. கதிரவெளியில் மீன் ஏற்றி வந்து பட்டினத்தில் இறக்குவது அதன் வேலை. அதை ஓட்டியவர் குருக்கள்மடத்துச் சின்னத்தம்பி அண்ணன். தாங்கியில் எவ்வளவு பெற்றோல் இருந்தாலும் முள் அடியிலேயே கிடக்கிறது என்று ஒரு நாள் இருவருமாக லொறியைக் கொண்டுவந்தார்கள்.

அந்த லொறியில் இருக்கை மெத்தையைத் தூக்கினால் கீழே தாங்கி தெரியும். தாங்கிக்குள் ஒரு தக்கை மிதக்கும். தக்கை ஒரு கம்பிக் கையில் பூட்டியிருக்கும். பெற்றோல் குறையும்போது கை தாழும், கூடும்போது உயரும். கையின் அசைவை ஒரு வயர் முன்னாலிருக்கும் முள்ளுக்குச் சொல்லும். நான் கழற்றிப் பார்த்தபோது தக்கை பெற்றோலில் ஊறி, கல்லைப்போல அடியில் கிடந்தது.

முள் விழுந்து கிடந்ததைப் பற்றிச் சின்னத்தம்பி அண்ணன் கவலைப்படவே இல்லை. மெத்தைக்கு அடியில் முழ நீளத்தில் ஒரு பூவரசங் குச்சி வைத்திருந்தார். கலனுக்கு ஒரு வெட்டாகக் கத்தியால் கோடு போட்ட குச்சி. தாங்கி மூடியைத் திறந்து குச்சியை விட்டு எடுத்து, நனைந்த வெட்டுகளை விரலால் எண்ணிவிட்டுத்தான் லொறியைக் கிளப்புவார். இந்தக் காலத்தில் குச்சியா என்று நான் சிரித்தேன். அவர் குச்சியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "முள்ளு ஆர்ர பக்கமும் சாயும் பாஸ். குச்சிக்கு நனையத்தான் தெரியும்."

அரக்குக் கலக்கியது

புதுத் தக்கை வெட்டி, அரக்குப் பூசி, காயவைத்துப் பூட்டினேன். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் லொறி குலுங்கும்போது மெத்தைக்கு அடியிலிருந்து பெற்றோல் மணக்கிறது என்று ஆதம்பாவா காக்கா ஒரு குறை சொல்லியிருந்தார். என் தகப்பன் தோணி கட்டியவர். தோணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க, ஒவ்வோர் ஆணிக்கும் பஞ்சு நூல் சுற்றிப் பசை தோய்த்து இறக்குவோம். அதே கையால் தாங்கியின் மூடித் தகட்டையும் பூட்டினேன். திருகாணி ஒவ்வொன்றுக்கும் நூல் சுற்றி, அரக்கில் தோய்த்து, தகட்டுக்கு அடியிலும் அரக்கு வார்த்து இறுக்கினேன். மணம் நின்றுபோனது. முள்ளும் ஒழுங்காக ஏறி இறங்கியது.

அரக்கைக் கரைத்துக் கலக்க அப்போது கையில் ஒன்றும் அகப்படவில்லை. மெத்தைக்கு அடியில் கிடந்த பூவரசங் குச்சியை எடுத்தேன். வேலை முடியும்போது வெட்டுகள் எல்லாம் அரக்கு நிரம்பிக் குச்சி வழவழவென்று இருந்தது. இனி இதற்கு என்ன தேவை, முள்தான் இருக்கிறதே என்று நானே ஆறுதலும் சொன்னேன். சின்னத்தம்பி அண்ணன் குச்சியை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இதால இனி முதுகு சொறியலாம் பாஸ்" என்றார்.

கதிரவெளியிலிருந்து வந்த வழி

நாலைந்து மாதம் ஒரு முறைப்பாடும் வரவில்லை. பிறகு ஒரு நாள் காலை, லொறிக்கு முன்னரே ஆதம்பாவா காக்கா பஸ்ஸில் வந்து இறங்கினார். கதை இதுதான். இரண்டு நாளுக்கு முந்திய மாலையில் கூப்பன் பெற்றோலை அவரே லொறிக்கு ஊற்றியிருக்கிறார். எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை; தாங்கியில் முன்னமே எவ்வளவு கிடந்தது என்று அவருக்கும் தெரியாது. முள் இருக்கிறபடியால் சின்னத்தம்பி அண்ணனும் கேட்கவில்லை. மறுநாள் கதிரவெளியில் மீன் ஏற்றியானதும் அங்குள்ளவர்கள், அவசரத்துக்கென்று முதலாளி வைத்திருந்த தகரத்துப் பெற்றோலை ஊற்றட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். சின்னத்தம்பி அண்ணன் முள்ளைப் பார்த்துவிட்டு, தாங்கி நிறைய இருக்கிறது, வேண்டாம் என்றிருக்கிறார். நாலைந்து பேர் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள். லொறி வாகரையைத் தாண்டவில்லை. தாங்கி காய்ந்து நின்றுவிட்டது. வெயிலில் மீன் முழுவதும் பழுதாகிப் போனது.

நிறைந்த தாங்கி பத்துக் கட்டை, அதாவது பத்து மைலுக்குள் எப்படிக் காயும்? முள் பிழையென்றால் மனிதன் சரி. முள் சரியென்றால் அந்தப் பெற்றோல் வழியில் யாருக்கோ விற்கப்பட்டிருக்கிறது. அந்த நாட்களில் ஒரு போத்தல் பெற்றோலுக்கு என்ன மதிப்பென்று உங்களுக்குத் தெரியும். எது என்று என் வாயால் கேட்கவே ஆதம்பாவா காக்கா வந்திருந்தார். அவர் கெட்டவரல்ல. பத்து வருடம் தன்னிடம் வேலை செய்தவரைச் சும்மா பழிக்க அவருக்கு மனமில்லை.

கொஞ்ச நேரத்தில் இரவல் பெற்றோலில் லொறியைச் சின்னத்தம்பி அண்ணன் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கியதும் என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வேறெதிலும் கைவைக்குமுன் சாவியைப் போட்டு முள்ளைப் பார்க்கச் சொன்னார். நான் பார்க்கவில்லை. எனக்கொரு பழக்கம். எதைச் சோதிப்பதானாலும் முதலில் அதன் ஆணிகளை எல்லாம் ஒருமுறை இறுக்கிக்கொள்வேன். மெத்தையைத் தூக்கி, திருப்புளியால் தகட்டின் திருகாணிகளை ஒவ்வொன்றாக அரைச் சுற்று இறுக்கினேன். அதன் பிறகு சாவியைப் போட்டேன். தாங்கியில் கொஞ்சம் பெற்றோல் இருந்தது. முள்ளும் கொஞ்சம் என்றே காட்டியது. இரண்டு போத்தல் ஊற்றினேன். அந்த அளவுக்கு ஏறியது.

கராஜில் வேலைக்காரரும் வண்டி கொண்டு வந்தவர்களுமாக ஐந்தாறு பேர் நின்றார்கள். அவ்வளவு பேருக்கும் கேட்கும்படி, நான் செய்த வேலையில் பிழை வராது என்று சொன்னேன். சின்னத்தம்பி அண்ணன் லொறிக்குள் கையை விட்டார். சாவியைக் கழற்றி முதலாளியின் கையில் கொடுக்காமல், இருக்கையின் மேல் வைத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார். ஆதம்பாவா காக்கா அவர் போவதைப் பார்த்தபடியே கேட்டார்: "முள்ளு பொய் சொல்லல்லண்டா, பொறகு ஆரு தம்பி பொய் சொன்ன?"

கிரான் போடியாரின் கார்

அந்த மாரி முடிந்த கையோடு கிரானிலிருந்து ஒரு போடியார் வந்தார். நிறைய வயல் உள்ளவர். காரைத் தானே ஓட்டுவார், வேறு யாரையும் தொடவிடமாட்டார். அவருடைய காரிலும் நான் தக்கை மாற்றி, அதேபோல அரக்கு வைத்து இறுக்கியிருந்தேன். வட்டைக்கு, தன் வயல்வெளிக்கு, போன இடத்தில் கார் நின்றுவிட்டது என்றும், இரண்டு சோடி எருமை பூட்டித்தான் இழுத்து வந்தார்கள் என்றும், எருமைக்காரன் வழியெல்லாம் சிரித்தான் என்றும் சொன்னார். முள் நிறைவிலே நின்றது. மூடியைத் திறந்து பார்த்தேன். தாங்கிக்குள் மணம் மட்டும்தான் இருந்தது.

நான் வழக்கம்போலத் திருப்புளியை எடுத்தேன். போடியார் என் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்: "என்ன பாஸ் யோசின? இதுக்கு றைவரும் இல்ல. பெத்தோல நாந்தான் களவா வித்தன் எண்டு சொல்லப்போறியோ?"

ஒரு முழ வயர்

திருப்புளியைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு முழ வயரை எடுத்து, ஒரு நுனியைத் தாங்கித் தகட்டிலும் மறு நுனியைக் காரின் வெறும் இரும்பிலும் வைத்துப் பிடித்தேன். நிறைவில் நின்ற முள் அப்படியே விழுந்தது. வயரை எடுத்தேன், மறுபடி நிறைவுக்குப் போனது. மூன்று தரம் செய்து பார்த்தேன்.

விளங்கச் சொல்கிறேன். மின்சாரம் வயர் வழியாகத் தக்கைக் கைக்கு வருகிறது. திரும்பிப் போக அதற்கு வேறு வயர் இல்லை. தகட்டிலிருந்து தாங்கிக்கும், தாங்கியிலிருந்து வண்டியின் இரும்புக்குமாகப் போக வேண்டும். திரும்பும் வழி அடைபட்டால் இந்த வகை முள் நிறைவில் போய் நின்றுவிடும். அரக்கும் நூலும் அந்த வழியை அடைத்தன. தொடக்கத்தில் திருகாணியின் புரி எங்கோ ஓரிடத்தில் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. உப்புக் காற்றில் அதுவும் துருப்பிடித்து விட்டுப்போனது. அரைச் சுற்று இறுக்கினால் மறுபடி தொடும். சின்னத்தம்பி அண்ணன் முதலில் முள்ளைப் பார்க்கச் சொன்னபோது, அவருக்கிருந்த ஒரே சாட்சியை நான் என் கையால் அழித்திருக்கிறேன். தோணிக்குள் எதுவும் வரக்கூடாது. தாங்கியில் ஒன்று வந்து திரும்பிப் போகவேண்டும். தோணிக்காரன் மகனுக்கு அது தோன்றவில்லை.

அன்றே ஏறாவூருக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கராஜின் பெயர் கெட்டுவிடும் என்ற பயத்தில் மூன்று கிழமை கடத்தினேன். கடைசியில் போய்ச் சொன்னபோது ஆதம்பாவா காக்கா என்னை ஏசவில்லை. சின்னத்தம்பி வந்தால் லொறி ஓட்டும் வேலை அவருக்குத்தான் என்றார். பிறகு சொன்னார்: "நான் ரெண்டு பேர்ட சொல்லக் கேட்டன் தம்பி. ஒராள் பத்து வருசம் பழக்கம். மத்தாள் மெக்கானிக். நான் மெக்கானிக்க நம்பிட்டன்."

நடு வாவியில்

குருக்கள்மடத்தில் விசாரித்தபோது, சின்னத்தம்பி அண்ணன் வாவியின் அக்கரையான படுவான்கரைக்கு ஆள் ஏற்றும் தோணி ஓட்டுவதாகச் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர், பெற்றோல் வித்த சின்னத்தம்பியா என்று கேட்டுத்தான் வழி காட்டினார். அவரை வேறு எந்த லொறிக்காரனும் எடுக்கவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

துறையில் ஆட்கள் சேர்வதற்குள், தனியாகப் போகவேண்டும் என்று சொல்லித் தோணியில் ஏறினேன். கரை தூரமாகிய பிறகு சொல்லத் தொடங்கினேன். அரக்கு, நூல், திருகாணி, போடியாரின் கார், மூன்று கிழமை தாமதம், எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். ஆதம்பாவா காக்கா கூப்பிடுவதையும் சொன்னேன். சின்னத்தம்பி அண்ணன் நீண்ட கோலைத் தரையில் ஊன்றித் தோணியைத் தள்ளிக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும் கோலை ஊன்றி நிறுத்தினார். தோணி நின்றது.

"கராச்சில அஞ்சாறு பேருக்கு முன்னுக்கு உரத்துச் சொன்னீங்க" என்றார். "இத மட்டும் ஏன் பாஸ் நடு வாவிக்குள்ள கொணந்து மெதுவாச் சொல்றீங்க?"

அவர் தோணியைத் திருப்பி, ஏறின துறைக்கே கொண்டுவந்தார். இப்போது அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். வழி காட்டியவரும் நின்றார். இறங்கி நின்று எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன், உரத்து. வழி காட்டியவர், அப்படியென்றால் சின்னத்தம்பி எடுக்கவே இல்லையா என்று கேட்டார். எடுக்கவில்லை என்றேன்.

லொறிக்கு எப்போது வருவார் என்று சின்னத்தம்பி அண்ணனைக் கேட்டேன். அவர் கோலைத் தூக்கி, ஈரம் ஏறியிருந்த அளவைப் பார்த்தார். "காக்காட்டச் சொல்லுங்க, எனக்குக் கோவமில்ல" என்றார். "ஆனா எனக்கு இது போதும். தண்ணி எவ்வளவு எண்டு கோல் சொல்லுது. நான் ஆருட்டயும் கேக்கத் தேவையில்ல."

இன்றுவரை என் கராஜிலிருந்து முள் திருத்திக்கொண்டு போகும் ஒவ்வொரு வண்டியின் மெத்தைக்கு அடியிலும் வெட்டுப் போட்ட ஒரு பூவரசங் குச்சியும் போகிறது. யாருடைய குச்சியை நான் அரக்கில் கெடுத்தேனோ அவர் கையில் மட்டும் அது போய்ச் சேரவில்லை.