ஆயுத பூஜைக்கு மாற்றிய சீட்

அறுபது வயதையும் தொண்ணூறு கிலோவையும் தாண்டிய பிறகு, சைக்கிளில் எனக்கு எதிரி சீட் மட்டும்தான். மூச்சும் முழங்காலும் ஒத்துழைத்தன. ஆனால் ஆற்றுப் பாலம் வருவதற்குள் உட்காரும் எலும்புகள் இரண்டும் எரியத் தொடங்கிவிடும்.

பட்டுக் கடையை மகனிடம் விட்ட பிறகு, காலையில் தறிக்காரர்களைப் பார்த்துவர எனக்கிருந்த ஒரே வழி சைக்கிள். தெருவில் தறிக்கான பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டியிருக்கும்போது கார் நுழைய முடியாது. நான் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்விடுவேன்.

கனத்த உடம்புக்கு மெத்தென்ற சீட் வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். மெத்தை சீட்டில் உடம்பு அமுங்கி, தொடை உரசிப் புண்ணானது. அடுத்து, பட்டு வியாபாரி புத்தி: கழிவுப் பட்டு நூலை அடைத்து, பட்டுத் துணியில் உறை தைத்துப் போட்டேன். பிரேக் பிடிக்கும்போதெல்லாம் வழுக்கி முன்னே போனேன்.

“இன்னா முதலாளி, சீட்டுக்கே பட்டுப் பொடவ கட்டிட்டீங்க. முகூர்த்தம் எப்போ?” என்றார் ஒரு தறிக்காரர். தெருவே சிரித்தது.

பங்குனியில் சைக்கிள் கடைக்காரர் அகலமான தோல் சீட் ஒன்றை வரவழைத்துக் கொடுத்தார். கல்லாக இருந்தது. உட்கார உட்காரப் பழகும் என்றார். கோடை முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். மெல்ல மெல்லத் தோலில் இரண்டு குழிகள் விழுந்தன. ஆவணி கடைசி ஞாயிறு வீடு திரும்பியபோதுதான், வழியில் சீட்டின் நினைப்பே வரவில்லை என்பது உறைத்தது. அதை மனைவியிடம் மட்டும் சொன்னேன். இனி எண்பது வயது வரை ஓட்டுவேன் என்றேன்.

“ஓட்டுங்க, ஓட்டுங்க. ஊரே பேஜாராவட்டும்” என்று சிரித்தாள்.

புரட்டாசியில் அரிசி ஆலைப் பக்கம் ஒரு லாரி உரசிக்கொண்டு போனது. முழங்கை சிராய்த்ததோடு சரி. சைக்கிள் ஓட்டுவதையே நிறுத்தச் சொல்லி மகன் கத்தினான், நானும் கத்தினேன். பேச்சு அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவனே சைக்கிளைச் சுத்தம் செய்ய எடுத்துப்போனான். பூஜையன்று கடைக் கத்தரிக்கோல், தராசு ஆகியவற்றின் பக்கத்தில் அது மாலையோடு நின்றது. சீட்டின் மேல் மஞ்சள் துண்டு. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. விஜயதசமி காலையில் துண்டை எடுத்தேன். அடியில் புத்தம் புதிய மெத்தை சீட்.

“பூஜைக்கு என் கிஃப்ட்பா” என்றான் மகன்.

விவரம் தெரியாமல் வாங்கியிருக்கிறான் என்று நெகிழ்ந்துதான் போனேன். அப்போதே ஏறி ஓட்டினேன். பாலத்தில் பழைய எரிச்சல் வந்தது. நேராக சைக்கிள் கடைக்குப் போய், தோல் சீட்டைக் கேட்டேன்.

கடைக்காரர் நெளிந்தார். “இது உங்களுக்கு ஆவாதுன்னு சொன்னேங்க. ஆவாதுன்னுதான் கேக்குறேன்னாரு உங்க புள்ள. வாயால சொன்னா கேக்கமாட்டாரு, வலிச்சா தானா நிறுத்திடுவாருன்னாரு. பழச அவரே எடுத்துகினு போய்ட்டாரு.”

வீட்டில் மனைவியிடம் கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

“லாரி ஒரசின அன்னிக்கு நான்தாங்க அவன்கிட்ட சொன்னேன். இப்போ வலியும் இல்ல, இனிமே இவரு எப்படி நிறுத்துவாருன்னு. லாரிக்கு அடியில போறதுக்கு, வலிச்சுகினு வீட்ல இருக்கறது மேல்.”

“சீட் எங்கே?”

“அத மட்டும் கேக்காதீங்க.”

அவர்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. சைக்கிளைப் பூட்டிச் சாவியை ஒளித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், அவ்வளவுதான். அவளை நம்பிச் சொன்ன சந்தோஷத்தையே எடுத்து, எந்த இடத்தில் குத்தினால் விழுவேன் என்று இரண்டு பேரும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். சாமி முன்னால் வைத்துப் பொட்டும் இட்டிருக்கிறார்கள்.

மறுநாள் அந்த மெத்தை சீட்டிலேயே பாலம் தாண்டிப் போய்வந்தேன். மனைவி காபி கொண்டுவந்தாள்.

“வலிக்குதாங்க?”

“இல்லையே. இதுவும் நல்லாத்தான் இருக்கு.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். “அப்போ ஒக்காந்து குடிங்க.”

நின்றபடியே குடித்து முடித்தேன்.