லேகியக் கடைக் காலண்டர்

யாராவது பாராட்டு என்று சால்வையோடு வந்தால், அவருக்குப் பின்னால் போட்டோகிராபர் நிற்கிறாரா என்றுதான் இன்றைக்கும் நான் முதலில் பார்ப்பேன். சந்தேகப் பிராணி என்று வீட்டில் சொல்கிறார்கள். சொல்லட்டுமே. நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

அறுபதுகளின் கடைசி. திருவண்ணாமலையில் கல்லூரி புதிதாக வந்திருந்த சமயம். நான் நெடுந்தூர ஓட்டக்காரன். விடியற்காலையில் கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு மலையைச் சுற்றி ஓடுவேன். “இன்னாப்பா, வேண்டுதலா?” என்று வலம் போகிறவர்கள் கேட்பார்கள். ஜில்லாவில் முதலாவதாக வந்ததால் பல்கலைக்கழகப் போட்டிக்கு என் பெயர் போயிருந்தது. அங்கே ஜெயித்தால் ரயில்வேயில் வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று பேச்சு. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மண்டியில் மூட்டை எடைபோட்டுக்கொண்டிருந்த என் அப்பா, அதைக் கேட்டதிலிருந்து ரயில் கூவினாலே என் முகத்தைப் பார்ப்பார்.

தீபத்தன்று லேகியக் கடைக்காரர் தன் அன்னதானப் பந்தலுக்கு முன்னால் என்னை மடக்கினார். மாலை போட்டார், சால்வை போர்த்தினார், ஒரு லேகிய டப்பாவைக் கையில் திணித்தார்.

“எதுக்குங்க முதலாளி இதெல்லாம்?”

“நம்ம ஊர்ப் புள்ளைக்கு ஒரு மருவாதிப்பா. கொஞ்சம் சிரி.”

பளிச்சென்று ஒரு வெளிச்சம். போர்த்திய சால்வையை உதறிவிட்டு வர முடியுமா? திமிர் பிடித்தவன் என்று தெருவே பேசும். சிரித்துவைத்தேன். உள்ளே என்னவோ உறுத்தியது. அதற்குள் மலைமேல் தீபம் ஏறியது, ஊரே ‘அரோகரா’ என்றது, நானும் மறந்துபோனேன்.

மார்கழியில் காலண்டர் வந்தது. கையில் டப்பாவோடு நான். கீழே, ‘எங்கள் லேகியம் தந்த வேகம்!’ அடப்பாவி மனுஷா! நான் அதை ஒரு விரல்கூட நக்கிப் பார்க்கவில்லை. மூட்டு வலிக்கு ஆகும் என்று முழு டப்பாவையும் தின்று தீர்த்தவர் அப்பா.

பொங்கலுக்கு முன்னால் விளையாட்டு ஆசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டார். சுவரில் அதே காலண்டர். புது ஆணி. உதிர்ந்த சுண்ணாம்புகூடத் தரையில் கிடந்தது.

“காசு எதுனா வாங்குனியா?”

“சத்தியமா இல்ல சார். சால்வைதான்.”

“வாங்கலன்னாலும் ரூல் அதான்டா. காலேஜ் பசங்க படத்த வியாபார விளம்பரத்துல போட்டா போட்டிக்குச் சேத்துக்க மாட்டாங்க. நேத்து வந்த யுனிவர்சிட்டி கமிட்டிக்காரங்க இதப் பாத்துட்டாங்க. நான் கிரவுண்டுல இருந்தேன். மொதல்லயே பாத்திருந்தா கழட்டி வெச்சிருப்பேன்.”

“யார் சார் இங்க மாட்டுனது?”

“யாரா இருந்தா உனக்கென்ன? போ.”

படத்தைப் போட்டவர் ஜாம்ஜாமென்று கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். ஓட வேண்டியவனுக்குத் தடை. என்ன சட்டமோ! அப்பாவிடம், யாரோ கமிட்டிக்குக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன்.

யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் இடத்தில் ஓடப்போகிறவன் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வரும் என் சிநேகிதன். எந்தப் போட்டியிலும் எனக்கு அடுத்தபடியாக வருகிறவன். அவன் வேறு இரண்டு நாளாக என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்? பஸ் ஸ்டாண்டில் வைத்துச் சட்டையைப் பிடித்தேன்.

“நீதானே அத அங்க மாட்டுன?”

“கைய எடுடா மொதல்ல.” சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். உங்கப்பாடா. மண்டியிலேர்ந்து நேரா வந்தாரு. ‘எம் புள்ள படம், வாத்தியாருங்க எல்லாம் பாக்கட்டும்’னு ஆணி கேட்டு வாங்கி அவரே அடிச்சாரு. நான்தான் ஸ்டூலப் புடிச்சுக்கினேன். இப்படி ஒரு ரூல் இருக்குதுன்னு எனக்கு எங்கடா தெரியும்?”

சட்டையை விட்டுவிட்டேன். வாத்தியார் ஏன் சொல்லாமல் விரட்டினார் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

போட்டிக்குப் புறப்பட்ட அன்று அவன் சொல்லிக்கொண்டு போக எங்கள் வீட்டுக்கு வந்தான். அப்பா ‘வா’ என்றுகூடச் சொல்லவில்லை. தான் போய் மாட்டிவிட்டு வந்த காலண்டர் அவர் ஞாபகத்துக்கே வரவில்லை. பெருமையாகச் செய்த காரியம் எப்படித் தப்பாகத் தோன்றும்?

“எம் புள்ளையப் போட்டுக் குடுத்துட்டு அவன் எடத்துல நீ ஓடப்போற, இல்ல?”

“அவன் இல்லப்பா,” என்றேன்.

“பின்ன யாருடா?”

அவன் என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான்.

“நான்தாங்க சொன்னேன். தெரியாம செஞ்சுட்டேன், மன்னிச்சுக்கோங்க.”

“வெளிய போடா!”

அவன் பையை எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி படியிறங்கினான். அப்பா எங்கள் வீட்டுச் சுவரில் சற்றுச் சாய்ந்திருந்த என் படம் போட்ட காலண்டரை நேராக்கினார்.

“எனக்கு அப்பவே அவன் மேல டவுட்டுடா,” என்றார்.

நான் செருப்புகூடப் போடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். வண்டி கிளம்புவதற்குள் அவனைப் பிடித்துவிட்டேன்.