விற்றவர்களே குடியிருந்த வீடு

வேலையிலிருந்து ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணத்தை வங்கியில் போட்டுவிட்டு வட்டியை எதிர்பார்த்திருக்க எனக்கு மனம் வரவில்லை. சின்னதாக ஒரு ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விடலாம் என்று கணவரிடம் சொன்னேன். நாங்கள் இருக்கிற வெள்ளவத்தையில் விலை எங்களுக்கு எட்டாது. ஆகவே நகரின் துறைமுகப் பக்கமான கொட்டாஞ்சேனையில் தேடத் தொடங்கினோம்.

பல இடங்கள் ஏறி இறங்கியபின் ஒரு தொடர்மாடியின் இரண்டாம் மாடியில் அந்த வீட்டைக் கண்டோம். இரண்டு அறை, பின்பக்கம் துறைமுகக் காற்று. விற்பவர்கள் எங்களைவிட மூத்த ஒரு கத்தோலிக்கத் தம்பதி. பெரியவர் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். ஒரே மகள் மெல்பேர்னில். விசா வந்ததும் அவளிடம் போய்விடப்போவதாகச் சொன்னார்கள். வீடு பளிச்சென்று இருந்தது. புதுப் பெயின்ட் மணத்தது. நல்ல வெயில் நாள் அது. அதை நான் யோசிக்கவில்லை.

எங்கள் லோயர் ஒரு கெட்டிக்காரப் பெண். வீட்டு உறுதிப் பத்திரத்தைப் பழைய காலம்வரை தேடிப் பார்த்து, வீட்டின்மேல் ஈட்டுக் கடன் ஒன்றும் இல்லை என்று நிச்சயப்படுத்தினார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: “அக்கா, ஆக்கள் இருக்கிற வீட்டை வாங்கிப்போட்டுப் பிறகு அழாதேங்கோ. உறுதி எழுதுற அண்டைக்கே திறப்பு உங்கட கையில இருக்கவேணும்.”

உறுதி எழுதிய அன்று வாசற்கதவுத் திறப்பு என் கைக்கு வந்தது. கையெழுத்து வைத்து முடித்தபின் அந்தப் பெரியவர் எழும்பவில்லை. மனைவிதான் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

“தங்கச்சி, குறை நினைக்கவேணாம். விசா இன்னும் வரேல்ல. இந்த மாதம் வந்திடும் எண்டுதான் மகள் சொல்றா. அதுவரைக்கும் நாங்க அங்கயே இருக்கலாமா? வாடகை தருவம்.”

லோயர் என்னைப் பார்த்தார். கணவர் ஜன்னலைப் பார்த்தார். இந்த வயதில் சாமான்களையும் தூக்கிக்கொண்டு இவர்கள் எங்கே போவார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. “இருங்கோ அக்கா” என்று திறப்பைத் திருப்பிக் கொடுத்தேன். லோயர் ஒரு பெருமூச்சு விட்டார். ஆனால் வாடகை ஒப்பந்தம் எழுதாமல் எங்களை வெளியே விடவில்லை. “நல்ல மனிசரோடதான் முதல்ல எழுதிவைக்கவேணும். அப்பதான் கடைசிவரைக்கும் நல்லா இருக்கலாம்” என்றார். யாராவது ஆலோசனை கேட்டால் இன்றும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

விசா அந்த மாதம் வரவில்லை. பெரியவருடைய நெஞ்சு எக்ஸ்ரேயில் ஏதோ தெரிகிறது என்று விசா அலுவலகத்தில் திரும்பத் திரும்ப மருத்துவ அறிக்கை கேட்டார்கள். ஒப்பந்தத்தை இரண்டாம் முறையும் புதுப்பித்தோம். “அவை இனிப் போகமாட்டினம், நீ ஏமாந்துபோனாய்” என்று என் அண்ணா ஏசினார். வாடகை மட்டும் மாதம் பிறந்ததும் வந்துவிடும்.

ஒருநாள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது அந்த அக்கா கோல் எடுத்தார். பேத்தி சேர்ச்சில் முதல் நன்மை வாங்கிய படம் வந்திருக்கிறதாம். “சுவரில ஒரு ஆணி அடிக்கலாமா தங்கச்சி?” என்று கேட்டார். முப்பது வருடத்துக்கு மேல் தன்னுடையதாக இருந்த சுவர். “அதுக்கெல்லாம் கேக்கிறதே அக்கா, அடியுங்கோ” என்றேன்.

படத்தைப் பார்க்கவென்று அடுத்த சனிக்கிழமை நாங்கள் இருவரும் போனோம். சொல்லாமல் போனது. வெளியே நல்ல மழை. கதவைத் திறந்த அக்காவின் முகம் மாறிவிட்டது. கால் கழுவ பாத்ரூம் பக்கம் போனேன். அங்கே தரையில் ஒரு பேசின் வைத்திருந்தது. மேலே சீலிங் கறுத்து ஊறி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

“எப்ப தொடங்கினது? ஏன் எனக்குச் சொல்லேல்ல?” என்று கேட்டேன்.

அக்கா தன் கணவரைப் பார்த்தார். அவர் கதிரையைப் பிடித்தபடி நின்றார்.

“சொல்ல வெக்கமா இருந்தது பிள்ள. இது புதுசில்ல. நீங்க பாக்க வர்றதுக்கு முந்தின கிழமை நான்தான் பெயின்ட் அடிச்சு மறைச்சன். விலை குறைஞ்சிடும் எண்டு பயம். இப்ப எங்கட தலையிலயே ஒழுகுது.”

அக்கா அழத் தொடங்கினார். எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் தன் பொய்க்கு அடியில் பேசின் வைத்துக்கொண்டு மூச்சுக்காட்டாமல் இரண்டு மழைக்காலம் இருந்த மனிதரிடம் என்ன கோபத்தைக் காட்டுவது? என் கணவர்தான் முதலில் சிரித்தார். “அண்ணை, பெயின்ட் நல்லா அடிச்சிருக்கிறியள். எனக்கும் பிடிபடேல்ல” என்றார். பெரியவரும் அழுகையும் சிரிப்புமாக ஏதோ சொன்னார். அக்கா உள்ளே போய் பிளேன்டீ ஊற்றிவந்தார்.

மேல்வீட்டு வழியாக இறங்குகிற மழைத்தண்ணீர்க் குழாயில்தான் பிழை. மேல்வீட்டுச் சிங்களக் குடும்பத்தோடு பெரியவருக்குப் பல வருடப் பழக்கம். தானே மேலே ஏறிப்போய்க் கதைத்தார். வேலை நடந்த நாளெல்லாம் குழாய் திருத்த வந்த பாஸின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். செலவில் பாதியைத் தான் தருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். வாங்கிக்கொண்டேன். வாங்காவிட்டால் அவர் என் முகத்தைப் பார்க்கமாட்டார் என்று தெரிந்தது. அந்த நாளிலிருந்து வாடகையில் ஒரு பங்கைத் திருத்தவேலைக்கென்று ஒதுக்கிவைக்கப் பழகினேன். வீடு பார்க்கப் போகிறவர்களிடம் மழை பெய்கிற நாளாகப் பார்த்துப் போங்கள் என்கிறேன்.

பிறகு ஒரு காலை விசா வந்தது. போகிற நாளன்று நாங்கள் போனபோது வீடு வெறுமையாகவும் துப்புரவாகவும் இருந்தது. அக்கா குசினித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரியவர் என்னைக் கையில் பிடித்து அறை அறையாகக் கூட்டிப்போனார். இந்த ஜன்னல் காற்றுக்குப் பூட்டாது, கொழுக்கியை மாற்று. இந்த பிளக்கில் அயனைக் குத்தாதே. குசினிச் சிங்க் மூன்று மாதத்துக்கு ஒருக்கால் அடைக்கும். வாசற்கதவின் கீழ்ப்பலகையைக் கறையான் தொட்டிருக்கிறது. இன்னும் சொல்லிக்கொண்டே போனார்.

“போதும் விடுங்க. பிள்ள பயந்து வீட்டைத் திருப்பித் தந்திடப்போறா” என்றார் அக்கா.

விமான நிலையத்துக்குப் போக வான் வந்தது. அக்கா என்னைக் கட்டிப்பிடித்து நெற்றியில் சிலுவை போட்டார். நான் சைவக்காரி. அந்த விரலின் ஈரம் காயும்வரை துடைக்காமல் நின்றேன். பெரியவர் சொன்ன பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்திய பிறகுதான் அந்த வீட்டுக்கு அடுத்த குடும்பத்தைத் தேடினோம்.